துளுக்க மறுத்த சேவல்

என் மகள் தாரணி மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு வந்த அன்று இரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. யாரும் சண்டை போடவில்லை. எனக்குத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

சிவில் எஞ்ஜினியரிங் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சூரமங்கலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வாரக் கடைசியில் நாமக்கல்லுக்கு வந்துபோவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான், "இனிமே நானே சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்து ஊடு கட்டித் தரப்போறேம்மா" என்றாள். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். ஏதோ புதுச் செருப்பு வாங்கப்போவதைப் போல.

என் கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அவர் சிரித்தார். "பாடி கட்டறவன் புள்ள பில்டிங் கட்டறா. இதுல என்ன அதிசயம்?"

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. பொட்டப்புள்ளையை நம்பி எவன் ஊடு கட்டக் குடுப்பான்?"

"குடுக்காட்டி நம்ம ஊட்டுக்கு ஒரு ரூம் கட்டச் சொல்லலாம் உடு."

ஆனால் என் பயம் வேலை கிடைக்குமா என்பதல்ல. எங்கள் தெருவில் ஒரு சித்தாள் பெண் இருந்தாள். எங்கோ வேலை செய்துகொண்டிருந்தபோது கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்த கூரைத் தளம் சரிந்து அவள் கால்மேல் விழுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். அவள் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல ஊத்திட்டு இருந்தாங்க, சத்தம்கூட வரலீங்க" என்றாள். அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவே இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது பொறுப்பு முதலாளிக்கு. சொந்தமாக எடுத்துவிட்டால், அந்தத் தளத்தின் கீழே நிற்கும் ஒவ்வோர் உயிருக்கும் என் பிள்ளைதான் பொறுப்பு. ஒருவருக்கு ஒன்று ஆனாலும் அவள் வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன். வீட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவது என் வழக்கம். முதலில், "தாயே, இவள் மனதை மாற்று, பழைய வேலைக்கே திரும்பிப் போகட்டும்" என்றுதான் வேண்டினேன். அவள் திரும்பிப் போகவில்லை. பிறகு என் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். "சரி தாயே, அவள் போடும் கூரைக்குக் கீழே ஒருவருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அது போதும்."

இதைத்தான் கேட்டேன். இதற்குப் பதில் எப்படி வந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் சில்லறை வேலைகள். ஒரு காம்பவுண்டுச் சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, யாரோ பாதியில் விட்டுப்போன பூச்சு வேலை. போய்ப் பேசினால், "கான்ட்ராக்டர் வரலீங்களா?" என்று அவளிடமே கேட்பார்களாம். "நாந்தாங்க" என்பாளாம். "இல்லைங்க, ஆம்பளை ஆரும் வரலீங்களா?" என்பார்களாம். இதை எல்லாம் போனில் சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரும்.

அப்புறம்தான் ஒரு முழு வீடு கிடைத்தது. ஓமலூரைத் தாண்டி மேச்சேரி போகும் வழியில் பழனியப்பன் என்பவரின் தோட்டம். விவசாயக் குடும்பம். பழைய நிறுவனத்தில் இருந்தபோது தாரணியின் வேலையைப் பார்த்திருந்தவர், இப்போது அவராகத் தேடி வந்தார். "ஆம்பளையாளுங்க சாயங்காலமானா போனை எடுக்க மாட்டேங்கறானுங்க. இந்தப் புள்ள எடுக்குது. எனக்கு அதுபோதுமுங்க" என்று என் கணவரிடமே சொன்னார்.

அஸ்திவாரம் போட்டார்கள். சுவர் எழும்பியது. போன ஐப்பசியில் தளம் போடும் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டேன். விடிந்ததும் அவள் வண்டியிலேயே இருவரும் தோட்டத்துக்குப் போனோம்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. கலவை இயந்திரம் வந்து நின்றிருந்தது. ஜல்லியும் மணலும் குவிந்து கிடந்தன. ஆணும் பெண்ணுமாக ஆட்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். மேலே பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்தாயிற்று. கீழே வரிசையாக முட்டு கொடுத்திருந்தார்கள். கான்கிரீட் காய்ந்து இறுகும்வரை அதன் பாரம் முழுவதையும் தாங்கப்போவது அந்த முட்டுகள்தான். தாரணி ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசல்பக்கத்துப் போர்டிகோவின் கீழ் நல்ல நிழல். செல்வி என்ற சித்தாள் பெண் அங்கே இரண்டு முட்டுகளுக்கு நடுவே புடவையால் தூளி கட்டி, கைக்குழந்தையைப் போட்டிருந்தாள். நான் அதன் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"கான்கிரீட் ஏத்தறப்பவும் குழந்தை இங்கதான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"வேற எங்கீங்க நெழலு?" என்றாள் செல்வி.

முதல் சட்டி கான்கிரீட் ஏறுவதற்கு முன்னால் சேவல் அறுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் பழனியப்பன் வீட்டில் சேவல் துளுக்க வேண்டும். பலிக்கு நிறுத்திய கோழியின் மேலோ கிடாயின் மேலோ மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறிவிட்டால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். அதுதான் துளுக்குவது. துளுக்காவிட்டால் கத்தியை எடுக்க மாட்டார்கள். வேலையும் தொடங்காது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் விலங்கியல் படித்தவள். பல வருடங்களாகக் கோழிப்பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நனைந்த கோழி உதறும். அது அதன் இயல்பு. உதறாத கோழியை நான் பார்த்ததே இல்லை. ஆகவே பழனியப்பனின் மனைவி சரசு அக்கா சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து நின்றபோது, இரண்டு நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

தண்ணீர் தெளித்தார்கள். நல்ல செவலைச் சேவல், கொண்டை தளதளவென்று இருந்தது. அது அசையவில்லை. மறுபடியும் தெளித்தார்கள். கழுத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான். முதுகில் சொட்டச் சொட்ட ஊற்றினார்கள். இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு கருத்துப்போயிற்று. கல்லில் செய்துவைத்ததைப் போல நின்றது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. மேஸ்திரி மாதேசுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, ரெயின்கோட்டு போட்ட சேவலாப் பாத்து வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். சரசு அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நான் மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "தாயே, துளுக்கட்டும். இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். பிள்ளையின் முதல் வீடு. ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கிவிடப் போகிறாள். துளுக்கட்டும் தாயே." அவ்வளவு உருக்கமாக நான் எதையும் வேண்டியதில்லை. சேவல் நின்றது நின்றபடியே இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. தாரணியின் அருகில் போய், "கண்ணு, காதோரம் லேசா ஊதினாப் போதும், உதறிப்போடும். நான் போய்ப் புடிக்கற மாதிரி ஊதிட்டு வந்துடட்டுமா?" என்றேன்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேண்டாம்மா. அவங்க ஊட்டுச் சாமி, அவங்க பேசிக்குவாங்க. நாம காத்திருக்கலாம்."

அவள் பிடிக்காமல் விட்டிருந்தால் நான் போயிருப்பேன். போய் ஊதியிருப்பேன்.

சேவல் துளுக்காதபோது செய்வதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. வீட்டில் யாரோ மனதில் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஒவ்வொருவராக முன்னால் வந்து, மனதில் இருப்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சரசு அக்காவின் தம்பி வந்தார். "பழனிக்கு மொட்டை போடறேன்னு வேண்டினேன். போடல" என்றார்.

"இருக்கறதே நாலு முடி. அதுக்காக எல்லாம் சாமி கோவிச்சுக்காதுங்க" என்றார் மேஸ்திரி.

சரசு அக்கா, சமையலறையை எங்கே வைப்பது என்பதில் நாத்தனாரைத் திட்டியதைச் சொல்லி, அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நாத்தனார் அழுதார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். "அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலீங்க. எனக்கு மீட்டிங் இருக்குது, சேவல்கிட்டச் சொல்லுங்க" என்றான் அவன். மறுபடியும் சிரிப்பு. தண்ணீர் மேல் தண்ணீராக விழுந்தது. சேவல் துளுக்கவில்லை.

கடைசியில் பழனியப்பன்தான் மிச்சம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, சொல்லிப்போடுங்க. ஊரே பாக்குது" என்றார் சரசு அக்கா.

"அதைச் சொன்னாப் பீடை திரும்பி வந்துரும்னு சொல்லியிருக்காங்க சரசு."

"எதைச் சொன்னா?"

அவர் மெல்லச் சொன்னார். "இந்த எடத்துல எருக்குழி இருந்துச்சுங்க. அப்பா காலத்துக் குழி. சரசு, நீ நம்ம ஊட்டுக்கு வாரதுக்கு முன்னாலயே இதுல கொட்டறதை நிறுத்திப்போட்டோம், புதரு மண்டிக் கெடந்துச்சு. வாஸ்து பாக்கறவரு வந்து, ஈசானி மூலையில குப்பைக்குழி இருக்கறதுனாலதான் குடும்பம் தலையெடுக்க மாட்டேங்குதுன்னாரு. மண்ணடிச்சு மூடிப்போட்டேன். மூடினதைப் பத்தி இனி வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. பேசினா தோஷம் மறுபடி முழிச்சுக்குமாம். அதான் எஞ்ஜினியரு அம்மிணிகிட்டக்கூடச் சொல்லல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தாரணியின் முகம் மாறிவிட்டது. "எந்த எடத்துலீங்க?" என்றாள்.

அவர் கையை நீட்டினார். போர்டிகோவின் நடுவே. தூளி தொங்கிக்கொண்டிருந்த இடம்.

தாரணி ஓடினாள். "செல்வியக்கா, மொதல்ல தூளியை அவுருங்க" என்று கத்தினாள். செல்வி குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தாரணி ஒரு கடப்பாரையை எடுத்து, முட்டுக்கு அடியில் வைத்திருந்த பலகையின் ஓரமாகக் குத்தினாள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்த மண்தான். கடப்பாரை களியில் இறங்குவதைப் போல இறங்கிற்று. அவள் அழுத்தக்கூட இல்லை. பிடித்திருந்த கைவரைக்கும் போய்விட்டது.

போர்டிகோவின் நான்கு தூண்களுக்கும் தோண்டிய குழிகள் பழைய கெட்டி மண்ணில் இருந்தன. அதனால் அப்போது எதுவும் தெரியவில்லை. நடுவிலிருந்த மூடிய குழி மட்டும் ஒரு வார மழையைக் குடித்து ஊறிக் கிடந்திருக்கிறது. வெறும் பலகையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. ஈரக் கான்கிரீட் ஏறியிருந்தால் முட்டுகள் அப்படியே கீழே போயிருக்கும். மேலே நின்று கொட்டுகிறவர்கள், கீழே போய்வருகிற பெண்கள், தூளி. சத்தம்கூட வந்திருக்காது.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் போர்டிகோ ஓரத்திலேயே கிடந்தது. ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தாரணி வேலையை நிறுத்தச் சொன்னாள். மேஸ்திரிக்கு மனமில்லை. "உள்ளூட்டுத் தளத்தையாச்சும் போட்டுரலாம் அம்மிணி. ஆளுங்க பூரா வந்தாச்சு. ஒரு சேவலுக்குப் பயந்து தளத்தை நிறுத்தின மொத எஞ்ஜினியரு நீங்கதான்."

"சேவலுக்குப் பயப்படலீங்க மேஸ்திரி. கடப்பாரைக்குத்தான் பயப்படறேன். அத்தனை முட்டுக்கு அடியிலயும் குத்திப் பாத்துட்டுத்தான் எதையும் போடோணும்."

மாதேசு மேஸ்திரி கடப்பாரையைப் பிடுங்கிப் பார்த்தார். அதன்மேல் ஒட்டியிருந்த கறுத்த சேற்றை விரலால் தொட்டு முகர்ந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரிங்க அம்மிணி. நீங்க சொல்ற மாதிரியே பண்ணிக்கலாம்" என்றார். அதுவரை அவர் என் மகளுக்குச் 'சரி' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கலவரத்தில் சேவலை எல்லாரும் மறந்துவிட்டோம். பிறகு நினைவு வந்து தேடினால், அது மணல் குவியலுக்குப் பக்கத்தில் எதையோ கொத்திக்கொண்டு நின்றது. இறகெல்லாம் பிரிந்து உப்பலாக, செவலை நிறம் மறுபடி பளபளத்தது. கோழி உதறாமல் அப்படி ஆகாது. எனக்குத் தெரியும். ஆனால் அது எப்போது துளுக்கியது? ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. "அவரு வாயத் தொறந்தப்பவே துளுக்கியிருக்கும்" என்று சரசு அக்கா சாதித்தார். நான் தூக்கிப் பார்த்தேன். காது, கண், கொண்டை, மூச்சு எல்லாம் சரியாக இருந்தன. நோய் ஒன்றும் இல்லை.

என் ஆர்வம் அத்தோடு அடங்கவில்லை. எங்கள் பண்ணைக்கு வரும் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "மிரண்டு போனா சில கோழிங்க அப்படியே வெறச்சு நிக்கும்மா. சுத்தி அத்தனை பேரு நின்னா அதுக்கும் பயம்தானே" என்றார். இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. சேவல் ஏன் விறைத்து நின்றது என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஏன்? அந்த வாசலில் ஏன்? சாகும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்த ஒரு மனிதர், அந்தக் குழியின் மேல் பாரம் ஏறுவதற்குச் சற்று முன்னால் வாயைத் திறக்கும்வரைக்கும் அது ஏன் அசையாமல் நின்றது? இதைக் கேட்டேன். மருத்துவர் சிரித்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

யோசிக்க யோசிக்க எனக்கு வேறொன்று விளங்கியது. அன்று காலை நான் அம்மனிடம் இரண்டு வேண்டுதல்களை வைத்திருந்தேன். ஒன்று, கூரைக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்பது. மற்றது, சேவல் உடனே துளுக்க வேண்டும் என்பது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று எனக்குத் தெரியாது. தாய்க்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றதை மறுத்தாள். நான் உருகி உருகிக் கேட்டதை அவள் தராமல் நின்றதே எனக்குக் கிடைத்த பதில்.

குழியைத் தோண்டினார்கள். கரிய சேறும் மக்காத பாலிதீன் பைகளும் பழைய வைக்கோலும் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் அள்ளிவிட்டுக் கல்லும் கிராவலும் போட்டுக் கெட்டித்து, முட்டுகளைப் புதிதாகக் கொடுத்தார்கள். எல்லா முட்டுகளுக்கு அடியிலும் கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள். கார்த்திகை பிறந்து, ஒரு நல்ல நாளில் தளம் போட்டார்கள். அன்றும் நான் போயிருந்தேன். செல்வியின் தூளி வேப்பமரத்தில் தொங்கியது. அங்கேதான் கட்ட வேண்டும் என்று தாரணி முதல் நாளே சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பரிமாறினேன். எல்லாரும் இருந்தார்கள்.

அந்த வீட்டுக்குக் குடிபோயாயிற்று. பழனியப்பன் சொல்லித் தாரணிக்கு அந்தப் பக்கமே இன்னும் சில வேலைகள் வந்திருக்கின்றன. இப்போதெல்லாம் அவள் வேலை பேசப் போனால் முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து, "இந்த நெலத்துல என்னென்ன இருந்துச்சு? கெணறு, குழி, புதைச்சது, மூடினது, எல்லாம் சொல்லோணும்" என்று கேட்கிறாளாம். "எங்கிட்டச் சொன்னா ஒரு தோஷமும் வராதுங்க" என்றும் சேர்த்துச் சொல்வாளாம்.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் அம்மன் முன்னால் நின்று, இதைச் செய், இப்படிச் செய், இன்றைக்கே செய் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பண்ணையில் ஆட்களை வேலை வாங்குவதைப் போல. இப்போது என் பயத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறேன். அவள் எந்த வழியாக வருவாள் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

இதைப் படிக்கும் பக்தர்களே, உங்களில் யாராவது கேட்டது நடக்கவில்லையே என்று தவித்துக்கொண்டிருக்கலாம். எல்லாம் தயாராக இருந்தும் ஏதோ ஒன்று அசையாமல் வழியை மறிக்கலாம். அதை நெட்டித் தள்ள அவசரப்படாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் யாராவது, இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாய் எடுக்கிறாரா என்று பாருங்கள். அவர் சொல்லட்டும். காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்று காலை தாரணி மேச்சேரிப் பக்கம் இன்னொரு வீட்டுக்குத் தளம் போடுகிறாள். நான் போகவில்லை. பண்ணைக்கும் போகவில்லை. மணி பதினொன்று ஆகிறது, இன்னும் போன் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பயம் போன பிறகுதான் நம்ப முடியும் என்று முன்பு நினைத்திருந்தேன். அப்படி இல்லை. விளக்கேற்றி வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டேதான் நம்புகிறேன். நீங்களும் அப்படியே வந்து உட்காரலாம். தாய் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.